உடல் நிறையும் வாழ்நலமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

மருத்துவம் பயின்றார் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, இலக்கண இலக்கியம் அன்றிப் பிறிதறியாத ஒரு தமிழாசிரியன் உடல்நலத்தைப்பற்றிப் பேசப் புகுதல் நகைப்புக்கு இடமாகும் என்பதை யான் அறியாதவனல்லேன். ஆயினும், இருபது ஆண்டுகளாக நாடோறும் பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் முகங்களை நோக்கி நிற்கும் தொழிலுடையேன் ஆதலின், அம்முகங்களிலே கண்டதையும், அறிந்தோர் நூல்களிற் கற்றதையும் ஒருங்கு சேர்த்துச் சில சொல்லத் துணிந்தேன். குற்றம் உளதாயின் பொறுத்தருள்க.

சென்ற திங்கள் நம் ஆட்சிக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. வரும் பொங்கல் விழாவில் நம் சிறார் சிறுமியர் அனைவரையும் மேடைக்கு அழைத்து எடை பார்த்து, அதனைப் பலகையில் எழுதி, வயதுக்குத் தக்க எடை உடையார்க்குப் பரிசில் வழங்குவது என்பது அத்தீர்மானம். இதனை ஆதரித்துப் பேசுமாறு செயலாளர் ஐயா அவர்கள் என்னைப் பணித்தார்கள். அவர்கள் எண்ணம் தூயது; பிள்ளைகள்பால் அவர்கள் கொண்ட அன்பும் பெரிது. ஆயினும் தீர்மானத்தின் ஒரு பாதியை ஆதரிக்கவும், மறுபாதியை மறுக்கவுமே யான் இங்கு நிற்கின்றேன். காரணம் கூறுவேன், கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதற்கண், நாம் அளக்கப் புகுவது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். வாழ்க்கைத் தரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மாடி வீடும் மோட்டார் வண்டியும் வங்கியில் வைப்புமே பலர் நினைவில் எழுகின்றன. அவை வாழ்க்கை வசதி எனப்படும். யான் இன்று பேசுவது வாழ்நலம். ஒரு பிள்ளை தன் உடலால் ஓடவும் ஆடவும் இயல்கின்றதா, உள்ளத்தில் அச்சமும் துயரமும் இன்றி இருக்கின்றதா, தோழரோடு கலந்து பழகுகின்றதா, பள்ளியிற் கருத்தூன்றிக் கற்கின்றதா என்று, அப்பிள்ளை தன் வாழ்வைத் தானே நோக்கிச் சொல்லும் சொல்லே வாழ்நலத்தின் அளவு. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நோயின்மை ஒன்றே நலமாகாது, உடலும் உள்ளமும் கூட்டு வாழ்வும் ஒருங்கே நன்னிலையில் இருத்தலே நலம் என்னும் கருத்தை வகுத்துவைத்தது. வாழ்நலத்தை அளக்கும் முயற்சிகள் பலவும் இவ்வித்தினின்று முளைத்தனவே.

இனி, எடை என்னும் அளவைக்கு வருவோம். உடலின் எடையைக் கிலோகிராமிற் கொண்டு, அதனை மீட்டரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியெண். 150 சென்டிமீட்டர் உயரமும் 63 கிலோகிராம் எடையும் உடைய ஒரு சிறுவனுக்கு அவ்வெண் 28 ஆகும். எடையும் உயரத்தின் வர்க்கமும் இவ்வாறு இயைந்து செல்லுதலை 1832-ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டியவர் பெல்ஜிய நாட்டு வானநூற் புலவர் அடால்ப் கெட்டிலே என்பார். அவர் நோக்கியது மக்கட்கூட்டத்தின் பொது இயல்பையேயன்றித் தனி ஒருவனுடைய நலத்தை அன்று. இவ்வெண்ணுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1972-ஆம் ஆண்டில் இட்டவர் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ்.

பெரியோர்க்கு ஒரே வரம்பு போதும். வளரும் பிள்ளைகட்கு அது போதாது. ஆண் பெண் என்னும் வேறுபாட்டையும், வயதையும் திங்கட் கணக்கில் நோக்கியே வரம்பு காணல் வேண்டும். இதற்கென 5 முதல் 19 வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் நம் நாட்டுப் பிள்ளைகட்கு ஏற்ற அட்டவணைகளை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆகவே உயரமும் வயதும் நோக்காமல் எடை ஒன்றையே பலகையில் எழுதுதல், யாப்பு நோக்காமல் எழுத்தெண்ணிப் பாட்டின் நயம் காண்பதை ஒக்கும்.

எடையைப் புறக்கணிக்க வேண்டும் என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 முதல் 19 வயதுக்குட்பட்டாருள் ஏறத்தாழ 15 கோடியே 90 லட்சம் பேர் மிகு பருமன் உடையராய் இருந்தனர் என்றும், அவருள் இந்தியர் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி என்றும் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று கணக்கிட்டு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். 2016 முதல் 2018 வரை நம் நாட்டில் நிகழ்ந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதுடையாருள் நூற்றுக்கு 24 பேர் மெலிந்தோராகவும், 5 பேர் மிகை எடையோராகவும் காணப்பட்டனர். அவ்வயதுப் பெண்மக்களுள் நூற்றுக்கு 40 பேர்க்கு இரத்தசோகை இருந்தது. எடைப் பலகையில் உரிய எண்ணைக் காட்டிப் பரிசு பெறும் பெண், மாடிப்படி ஏற மூச்சிரைக்கும் சோகையளாய் இருத்தல் கூடும் என்பதை மறவற்க.

நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியை எங்ஙனம் அளந்தனர்? பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். தலை நிமிர்த்து ஆடுதல் செங்கீரை. கை கொட்டுதல் சப்பாணி. தளர்நடை நடந்து வருதல் வருகை. நிலவை விளையாட அழைத்தல் அம்புலி. பறை முழக்குதல் சிறுபறை. தேர் உருட்டுதல் சிறுதேர். குழந்தை எவ்வளவு கனக்கிறது என்று ஒரு பருவமேனும் வகுத்தார் அல்லர். என்ன செய்ய இயல்கிறது, எவரோடு ஆடுகிறது, எதில் மகிழ்கிறது என்பனவே அவர்கொண்ட அளவைகள். இக்கால அறிஞர் வாழ்நலத்தை அளக்கும் முறையை நூல்களிற் படித்தபோது, என் உள்ளம் இப்பிள்ளைத்தமிழ்ப் பருவங்களையே நாடிச் சென்றது.

அம்முறையுள் உலகெங்கும் பெரிதும் வழங்குவது, அமெரிக்க உளநூல் அறிஞர் ஜேம்ஸ் வார்னி என்பாரும் அவர்தம் துணைவரும் வகுத்து 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெட்ஸ்க்யூஎல் என்னும் வினாத்தாள். இன்று வழங்கும் நான்காம் வடிவில் 23 வினாக்கள் உள்ளன. உடலியக்கம் பற்றியன 8. உள்ளத்துணர்வு பற்றியன 5. தோழமை பற்றியன 5. பள்ளி பற்றியன 5. நடத்தல், ஓடுதல், சுமை தூக்குதல், தானே குளித்தல், வீட்டு வேலை செய்தல், அச்சம், சினம், உறக்கமின்மை, பிறர் நட்பை மறுத்தல், பிறர் கேலி செய்தல், வகுப்பிற் கருத்தூன்றல் முதலியவற்றில், கடந்த ஒரு திங்களில் எத்துணை முறை தொல்லை நேர்ந்தது என்று பிள்ளையையே வினவுவர். ஒருபோதும் இல்லை என்றால் 100. அரிதாக என்றால் 75. சிற்சில வேளை என்றால் 50. அடிக்கடி என்றால் 25. ஏறத்தாழ எப்போதும் என்றால் 0. இவற்றின் சராசரியே வாழ்நல மதிப்பெண். பெற்றோர்க்கும் இதே வினாக்கள் தனித்தாளில் உண்டு. ஏனெனில் தாய் காண்பதும் மகள் உணர்வதும் பல வேளைகளில் வேறுபடுகின்றன. இருபத்து மூன்று வினாக்களுள் ஒன்றேனும் உன் எடை யாது என்று கேட்பதில்லை!

எடையின் விளைவை மட்டும் நுணுகி அறிய 27 வினாக்கள் கொண்ட மற்றொரு தாளைக் கொலோட்கின் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது 11 முதல் 19 வயதினர்க்கு உரியது. உடல் இசைவு, தன்னுடலைத் தான் மதித்தல், கூட்டு வாழ்வு, குடும்ப உறவு என நான்கு கூறுகளை உடையது. குடும்ப உறவு என்ற நான்காம் கூற்றைத் தாய்மார்கள் மனத்திற் குறித்துக்கொள்க. பின்னர் அதற்கு வருவேன்.

இவ்வளவைகளால் அறிந்தது யாது? 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிகு பருமன் காரணமாக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 5 முதல் 18 வயதுள்ள 106 பிள்ளைகளை வினவினர். நலமுள்ள பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் 83, இவர்களுடையதோ 67. உடல், உள்ளம், தோழமை, பள்ளி என்னும் நான்கிலும் இவர்கள் தாழ்ந்தே நின்றனர். புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் வாழ்நலத்தோடு இவர்களுடைய வாழ்நலம் ஒத்திருந்தது என்பதைப் படித்தபோது யான் சிறிதுநேரம் நூலை மூடிவைத்தேன்.

ஆயினும் இதனைக் கேட்டு அஞ்சி, தடித்த பிள்ளைகள் எல்லாரும் துயருறுகின்றனர் என்று முடிவு கட்டலாகாது. அவர்கள் மருத்துவரை நாடி வந்தவர்கள்; துன்பம் மிக்கோரே மருத்துவரை நாடுவர். 2005-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஆஸ்திரேலிய அறிஞர் பள்ளிகளிற் பயிலும் பொதுப் பிள்ளைகள் 1456 பேரை ஆராய்ந்தபோது, எடை ஏற ஏற வாழ்நலம் இறங்குதல் மெய்யே என்றும், ஆயின் அவ்விறக்கம் முன்னதைப்போற் பெரிதன்று என்றும் கண்டனர். அன்றியும், எடையும் வாழ்நலமும் ஒருங்கு காணப்படுவதனால் ஒன்று மற்றொன்றற்குக் காரணம் என்று உடனே துணிதல் தருக்கநூல் முறையன்று. எடையால் துயரம் வருதலும் உண்டு. துயரத்தால் மிகவுண்டு எடை ஏறுதலும் உண்டு. இரண்டற்கும் இடையே நின்று இரண்டையும் வளர்க்கும் மூன்றாம் பொருளும் உண்டு. அம்மூன்றாம் பொருளுக்குப் பெயர் எள்ளல்.

தொல்காப்பியனார் நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் ஒன்றாக வைத்தார். இளிவரலை வேறொரு மெய்ப்பாடாக வைத்தார். மாணாக்கர்க்கு இவற்றைப் பன்முறை பாடஞ்சொல்லியிருக்கிறேன். எள்ளுவார்க்கு நகை விளையும் அதே நொடியில் எள்ளப்பட்டார்க்கு இளிவரல் விளைகின்றது என்பதை மட்டும் யான் கற்றேனல்லேன். அதனை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணாக்கன்.

அவன் நம்மவனா பிறனா என்பதும், எப்பள்ளியில் நிகழ்ந்தது என்பதும் ஈண்டு வேண்டா. பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் ஒன்பதாம் வகுப்பிற் பயின்றான். பருத்த உடலினன், குரல் வளமோ, அத்தகைய குரலை அவனுக்கு முன்னும் பின்னும் யான் கேட்டதில்லை. செய்யுளைப் பிரித்துப் படித்தால் பொருள் தானே விளங்கும். ஆண்டு விழாவுக்கு இராமகாதை நாடகம் ஒன்று பயிற்றினேன். இலக்குவனாக நடிக்க விரும்புவோர் எழுக என்றபோது அவன் எழுந்தான். யான் சிரித்து, "நீ கும்பகருணனாக இரு அப்பா, உனக்கு ஒப்பனைச் செலவும் மிச்சம்" என்றேன். வகுப்பு முழுதும் நகைத்தது. அவனும் நகைத்தான். அவன் நகைத்தமையால், யான் நல்லதொரு நகைச்சுவை மொழிந்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. விளையாட்டு வேளை உள்ள நாட்களில் தலைவலி என்று சீட்டுக் கொண்டுவரலானான். முன் வரிசையினின்று கடைசி வரிசைக்குப் போனான். நண்பகலில் மிதிவண்டிக் கொட்டகைக்குப் பின்புறம் தனியே அமர்ந்து உண்ணக் கண்டேன். செய்யுள் படிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையும். இவையெல்லாம் எதிரே நிகழவும், ஒன்றோடொன்றைக் கோத்துப் பார்க்கும் அறிவு எனக்கு இல்லாது போயிற்று. சில ஆண்டு கழித்துப் பேருந்து நிலையத்தில் அவன் தந்தையாரைக் கண்டேன். "ஐயா, பையன் கல்லூரியில் படிக்கிறான். நாலு பேர் எதிரில் மட்டும் வாய் திறக்கவே மாட்டேன் என்கிறான். சின்ன வயதில் அப்படி இல்லை, காரணம் எங்களுக்குத் தெரியவில்லை" என்றார். காரணம் எனக்குத் தெரிந்தது. ஆயினும் அன்று சொல்லும் துணிவு இல்லாமல் தலைகுனிந்து நின்றேன். இன்று இவ்வவையிற் சொல்கின்றேன்.

கும்பகருணன் யாவன்? உண்ட உணவுக்கு உயிரைக் கொடுத்த பெருந்தகை. அண்ணனுக்கு அறம் எடுத்துரைத்த நாவினன். கம்பநாடரைப் பாடஞ்சொல்லும் யான் அவ்வீரனுடைய பெருமையைக் கூறாமல் அவன் பருமையைக் கூறினேன். அவ்வொரு சொல்லால், வளமான குரல் ஒன்று இத்தமிழ்நாட்டிற்கு இல்லாமற் போயிற்று. அன்று எவரேனும் அவன் கையில் அந்த 23 வினாக்களைக் கொடுத்திருந்தால், கேலி பற்றிய வினாவுக்கும் பள்ளி பற்றிய வினாக்கட்கும் அவன் இட்டிருக்கும் எண்களே எனக்குச் செவியறிவுறுத்தியிருக்கும்.

இஃது ஆசிரியன் ஒருவனுடைய பிழை மட்டுமன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 4746 மாணாக்கரை வினவி 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, உடலெடை காரணமாகத் தோழரால் எள்ளப்பட்டோர் பெண்களுள் நூற்றுக்கு 30 பேர், ஆண்களுள் ஏறத்தாழ 25 பேர் என்று காட்டுகின்றது. சொந்தக் குடும்பத்தாராலே எள்ளப்பட்டோர் பெண்களுள் ஏறத்தாழ 29 பேர், ஆண்களுள் 16 பேர். எள்ளப்பட்டோரிடத்தில் தன்மதிப்புக் குறைவும், மனச்சோர்வும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுங்கூட மிகுந்து காணப்பட்டன. அவர்தம் மெய்யான எடை எதுவாயினும் இவ்விளைவு மாறவில்லை. உள்ளத்தைப் புண்படுத்தியது கொழுப்பைக் காட்டிலும் சொல்லே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தாய்மார்களே! அந்நாட்டுக் கணக்கைக் கேட்டு வியந்தீர்கள். நம் வீட்டு முற்றத்திற்கு வருவோம். திருமண வீட்டில் ஒரு பெண்பிள்ளையைக் கண்டவுடன், "என்னடி, இப்படிப் பெருத்துவிட்டாய்? உனக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று கேளாத அத்தை உண்டோ? மெலிந்தவளைக் கண்டால், "வீட்டில் சோறு போடுகிறார்களா இல்லையா?" என்று கேளாத பெரியம்மாள் உண்டோ? அன்பினால் கேட்கின்றனர் என்பதில் ஐயமில்லை. அடுத்த திருமணத்திற்கு அப்பெண் ஏன் வர மறுக்கின்றாள் என்பதையும் அவ்வன்பே ஆராய்தல் வேண்டும். "தடியன்," "பூசணி," "ஓமக்குச்சி" என்னும் பட்டப்பெயர்களை நம் வீட்டு வாயிலுக்கு வெளியே நிறுத்துவோமாக.

எள்ளல் ஒழிந்தால் எடை தானே குறைந்துவிடும் என்று யான் கூறவில்லை. உடல் நோக்கிச் செய்யத்தக்கன பல உள. பிள்ளை பெருங்குறட்டை விட்டு, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமாயின் மருத்துவரைக் காண்க; சான் டியாகோ ஆய்வில், உறக்கத்தில் மூச்சடைப்பு உடைய பிள்ளைகளின் மதிப்பெண்ணே மற்றவரினும் தாழ்ந்தது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெட்டுப்போல் இருப்பின், அதனை அழுக்கென்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை அழவைக்கற்க. அஃது இன்சுலின் சரிவர வேலை செய்யாமையைக் காட்டும் அறிகுறியாகலாம். 5 முதல் 17 வயதினர் நாடோறும் சராசரி 60 நிமிடமேனும் வியர்க்க ஓடியாடுதல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. பத்தாம் வகுப்பு வந்தவுடன் விளையாட்டு வேளையையும் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிடும் எம்போல்வாரும் இதனைக் கேட்டு நாணுதல் வேண்டும்.

ஆகவே, ஆட்சிக் குழுவினர் திருமுன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

ஒன்று: எடை பார்த்தல் நிகழ்க, ஆனால் மேடையில் வேண்டா. திரைக்குப் பின்னே, மருத்துவர் ஒருவர் முன்னிலையில், உயரமும் எடையும் வயதும் ஒருங்கு குறித்து, மூடிய உறையிலிட்டுப் பெற்றோரிடம் தருக.

இரண்டு: பலகையில் எழுதுதலும் பரிசில் வழங்குதலும் ஒழிக. உயரம் கூடியமைக்குப் பரிசு தராத நாம் எடை ஒத்தமைக்கு மட்டும் தருவது முறையன்று.

மூன்று: உரியவரிடம் அனுமதி பெற்று, வாழ்நல வினாத்தாளைப் பிள்ளைகள் தனித்திருந்து நிரப்புமாறு செய்க. பெற்றோர் அருகிருந்து விடை சொல்லிக்கொடுத்தல் கூடாது. அதனை மொழிபெயர்க்கும் பணியை என்னிடம் தரலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார், வேண்டா. யான் பெயர்த்தால் பிள்ளைக்கு விளங்காத சொற்களே மிகும். அத்தகைய தாள்களை ஒருவர் பெயர்க்க, மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்புநோக்கி, பிள்ளைகளிடம் படித்துக் காட்டித் திருத்துவதே முறை. பத்து வயதுச் சிறுமி தன் தோழியிடம் பேசும் தமிழே அதற்கு உரிய தமிழ்.

நான்கு: தாழ்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையை, அது தடித்ததாயினும் மெலிந்ததாயினும் நடுத்தரமாயினும், மருத்துவரிடமோ உளநல ஆலோசகரிடமோ சங்கத்தின் செலவில் அனுப்புக.

ஐந்து: நம் திருமண மண்டபத்தின் பின்புறம் முட்செடி மண்டிக் கிடக்கும் நிலத்தைத் திருத்தி, மாலை வேளையில் ஆண் பெண் பிள்ளைகள் இருபாலாரும் ஆடுதற்கு உரிய திடலாக்குக. பெண்பிள்ளைகட்கும் திடல் வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கின்றேன்.

பெரியோர்களே! இச்சங்கம் நம் பிள்ளைகளின் படிப்புக்காக உதவித்தொகை வழங்குகின்றது, விடுதி நடத்துகின்றது. அவர்கள் பெற்ற மதிப்பெண்களை நம் இதழில் அச்சிட்டு மகிழ்கின்றோம். அவர்கள் தம் வாழ்வுக்குத் தாமே இடும் மதிப்பெண் யாது என்று இதுகாறும் ஒருமுறையேனும் நாம் கேட்டதில்லை. கேட்போமாக. கேட்டபின், அவர்கள் சொல்லும் விடை நமக்கு இனியதாயினும் இன்னாததாயினும், இடைமறியாது செவிசாய்ப்போமாக.

இளஞ் செல்வங்களே! உங்கள் உடல் நீங்கள் இவ்வுலகில் ஆடுதற்கும் பாடுதற்கும் ஓடுதற்கும் கிடைத்த நல்ல கருவி. பிறர் எடைபோட்டு விலை கூறும் பண்டம் அன்று. எவர் எள்ளினாலும், அவர் ஆசிரியரே ஆயினும், உங்கள் குரலை அடக்கிக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் மக்கட்குக் குறைவற்ற வாழ்நலம் அருள்வானாக என்று வேண்டி அமைகின்றேன்.